பராயம் அடையாத மாணவனும் வாடகை அறையும்

கல்லூரியொன்று யூபிலி காணும்போது அதன் பழைய மாணவர் பெருமைக்குரியவற்றை எண்ணிப் பார்த்தல் இயல்பு. அதிபர்கள் ஆற்றிய தொண்டு, பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள், நன்கொடையாற் எழுந்த மண்டபங்கள் என்பன பற்றி இம்மலரிற் பலர் எழுதுவர், எழுதவும் வேண்டும். யாம் எழுதப் புகுந்தது அத்தகைய பெருமை பற்றியன்று. கல்லூரியின் மதிலுக்கு வெளியே, மாலை மணி அடித்த பின்னர் எழும் ஒரு வினாவைப் பற்றியது. தாய் தந்தையர் அருகில்லாத மாணவன், பதினெட்டு வயது நிரம்பாதவன், இவ்வூரில் எங்கே தங்குகின்றான்? அவனுக்கு அறை கொடுப்பவர் யார்? எந்த நம்பிக்கையிற் கொடுக்கின்றனர்?

இது சிறிய வினா என்று சிலர் கருதலாம். வகுப்பறையில் நின்று தமிழ் கற்பிக்கும் எமக்கு இது சிறியதாகத் தோன்றவில்லை. கட்டுரை எழுதாது வந்தவனை ஏன் எழுதவில்லை என்று வினவினால், விளக்கு இல்லை, மேசை இல்லை, அறை மாறினேன், வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிவிட்டார் என்னும் விடைகள் வருகின்றன. சோம்பலுக்குக் கூறும் சாட்டு எது, மெய்யான இடர் எது என்பதைச் சில ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் பிரித்தறிவர். இலக்கணம் அறியாதவனுக்கு இலக்கணம் கற்பிக்கலாம். இரவிற் படுக்க இடமில்லாதவனுக்கு எதனைக் கற்பிப்பது?

இவ்வாறு தனித்து வாழும் இளையோரை மூவகையினராக வகுக்கலாம். முதல் வகையினர் உயர்தர வகுப்பிற் பயில வெளியூரிலிருந்து வருவோர். விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. ஒன்று ஏபி எனத் தரம் வகுக்கப்பட்ட பாடசாலைகளிலேயே அவை உண்டு. ஒன்று சி தரத்துப் பாடசாலைகளிற் கலையும் வர்த்தகமும், இரண்டாந் தரத்தனவற்றிற் பதினோராம் ஆண்டு வரையிலான வகுப்புக்களுமே உண்டு. எனவே, சாதாரண தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்ற கிராமத்துப் பிள்ளை, அப்பெறுபேறு காரணமாகவே ஊரை விட்டுப் புறப்பட வேண்டியவனாகின்றான். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். அதன்பின் பேருந்துப் பயணம். கடல் கொந்தளித்தாற் பயணமே இல்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாது பேருந்துகள் நின்றபோது, பத்து மைல் தூரத்துப் பிள்ளைகளும் நகரில் அறை தேடியதை நாம் எல்லோரும் கண்டோம்.

இரண்டாம் வகையினர், வீடு என ஒன்று இருந்தும் அதனுள் மூத்தோர் இல்லாதவர். போரிற் பெற்றாரை இழந்து பேரன் பேர்த்தியாரிடம் வளர்ந்து, அவர்களும் காலமானபின் தனித்தவர் உளர். தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப்பணி புரிய, தந்தை வேறு குடும்பம் தேடிச் சென்றமையால் தனித்தவர் உளர். மூன்றாம் வகையினர் பள்ளியை விட்டுத் தொழிலுக்குப் போனோர். இவர்கள் நம் கல்லூரிப் பதிவேட்டில் இன்று இல்லாதவராயினும், பத்தாம் ஆண்டு வரையேனும் நம் வாங்குகளில் இருந்தவர்கள். பழைய மாணவர் என்னும் சொல் பட்டம் பெற்றோருக்கு மாத்திரம் உரியதன்று, இவர்களுக்கும் உரியது.

கல்வி நாடி வீட்டை விட்டுப் போதல் நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்க மாயூரம் சென்றபோது அவருக்குப் பிராயம் பதினேழு. ஆசிரியர் கற்பிக்க இசைந்த பின்னரும், பிள்ளை எங்கே உண்பது, எவ்வாறு நாட்கழிப்பது என்னும் கவலை தந்தையாரை விட்டபாடில்லை. தமிழுலகம் நன்றியோடு நினைக்கும் அப்பெரும் பணி, ஓர் இளைஞனுக்கு ஊண் உறையுள் வகை செய்யப்பட்டமையால் முளைத்தது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஈழத்திலும் இதுவே வரலாறு. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கியபோது, பாடத்தை மட்டும் கொடுத்தாரல்லர். உணவும் உடையும் படுக்கையும் சேர்த்தே கொடுத்தனர். அவர்தம் சமய நோக்கு வேறாயினும், தங்குமிடம் இன்றிக் கல்வி நிலைபெறாது என்னும் உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்னர் எழுந்த சைவப் பாடசாலைகளும் இந்துக் கல்லூரிகளும் அவ்வுண்மையை ஏற்று விடுதிச்சாலைகளை அமைத்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது கன்னங்கரா அவர்களின் மத்திய கல்லூரித் திட்டத்திலும், புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி ஓர் அங்கமாயிருந்தது. கட்டணத்தை நீக்கினால் மாத்திரம் போதாது, தூரத்தையும் நீக்க வேண்டும் என அத்திட்டத்தை வகுத்தோர் கண்டனர்.

1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. விடுதியைத் தன் வீடாகக் கருதி நடத்திய முகாமைச் சபைகள் மறைந்தபின், பல இடங்களில் அவ்வூக்கம் குன்றிற்று என்பதை மூத்த ஆசிரியர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். பின்னர்ப் போர் வந்தது. கட்டடங்கள் பல சிதைந்தன, முகாம்களாயின, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு குடாநாட்டின் பாடசாலை வாழ்வே நிலைகுலைந்தது. போர் 2009இல் ஓய்ந்தபின் வகுப்பறைகள் திருத்தப்பட்ட அளவுக்கு விடுதிகள் திருத்தப்படவில்லை. பள்ளி ஈந்த இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. இன்று வெளியூர் மாணவனுக்கு இருப்பது ‘போடிங்’ என வழங்கும் வாடகை அறையே.

அவ்வறையைப் பெறுவதிற் சட்டம் எங்கே நிற்கின்றது என்பதை நாம் அறிதல் வேண்டும். யாம் சட்டம் பயின்றோம் அல்லேம். எனினும், பொதுவாக யாவரும் அறியத்தக்கவை சில உள. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருபத்தொரு வயதைப் பராய வயதாக வகுத்திருந்தது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதனைப் பதினெட்டாகக் குறைத்தது. அதற்குக் கீழ்ப்பட்டவர் பராயமடையாதவர். இந்நாட்டுப் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பராயமடையாத ஒருவன் பெற்றார் அல்லது பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் உடன்படிக்கை பொதுவாக அவனைப் பிணிப்பதில்லை. மறுதிறத்தாரோ, அவன் அதனை ஏற்று நடப்பின், அதினின்றும் தப்ப இயலாது. அவனால் உண்மையில் நலம் பெறப்பட்ட அளவுக்குப் பொறுப்புண்டு எனவும், பெற்றாரின் இசைவோடு வேறாக வாழ்ந்து தொழில் செய்பவனை விடுபட்டவனாகக் கொள்ளலாம் எனவும் கோட்பாடுகள் உண்டு. ஆயினும் அவை நீதிமன்றில் நின்று நிறுவ வேண்டியவை. மாத வாடகைக்கு அறை கொடுக்கும் ஒரு கைம்பெண் அவற்றை நம்பிப் படலையைத் திறப்பாள் என்று எதிர்பார்த்தல் தகாது.

இளையோனைக் காக்க எழுந்த இவ்விதி மிக நல்லது. அறியாப் பிள்ளையின் கையொப்பத்தை வாங்கி அவன் முதுசத்தைப் பறிக்க முயல்வோரை அது தடுக்கின்றது. ஆனால், காக்கும் கையே சில வேளை வழியையும் மறிக்கின்றது. பிள்ளையைப் பிணிக்காத உடன்படிக்கையை வீட்டுக்காரர் விரும்புவதில்லை. ஆகவே உடன்படிக்கையே செய்யாது விடுகின்றனர். எழுத்தின்றிக் கொடுத்த அறையை எழுத்தின்றியே பறிக்கலாம். இவ்வாறு பிள்ளையைக் காக்க வந்த சட்டத்தின் நிழலில், பிள்ளை எவ்விதக் காப்புமின்றி நிற்கின்றான்.

இன்னொரு முரணையும் நோக்குக. 2016இல் கட்டாயக் கல்வி வயது பதினாறு வரை உயர்த்தப்பட்டது. 2021இல் தொழிலுக்கு அமர்த்தத்தக்க குறைந்த வயதும் பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எனவே, பதினாறு நிரம்பிய இளைஞன் பள்ளியை விடலாம். ஆபத்தானவை என விலக்கப்பட்டவை ஒழிந்த தொழில்களைச் செய்து கூலி பெறலாம். தன் பெயர் பொறித்த அட்டையைக் காட்டலாம். ஆனால் அக்கூலியைக் கொண்டு தங்க ஓர் அறையைத் தன் பெயரில் உறுதியாகப் பெற மேலும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இவ்விரண்டு ஆண்டுகளும் அவன் எங்கே இருப்பது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் நேரான விடையில்லை. தகப்பன் வீடு இருக்கும் என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டங்கள் அவை. அவ்வீடு இல்லாதவனை அவை நினைத்துப் பார்க்கவில்லை.

எழுத்து என்றவுடன் நொத்தாரிசும் முத்திரையும் பலர் நினைவுக்கு வந்து அச்சுறுத்துகின்றன. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கே நொத்தாரிசு முன் உறுதி முடித்தல் வேண்டும். மாதத்துக்கு மாதம் நடக்கும் வாடகைக்கு அது வேண்டியதில்லை. ஒற்றைத் தாளில், தொகை இவ்வளவு, முற்பணம் இவ்வளவு, விலகுவதாயின் இத்தனை நாள் முன்னறிவித்தல் என எழுதி, இருவரும், பிள்ளையின் பக்கத்திற் பெற்றோர் அல்லது பாதுகாவலரும் ஒப்பமிட்டாற் பெரும்பாலான பிணக்குகள் முளையிலேயே ஒழியும். செய்வதற்கு எளியதாயிருந்தும் இது செய்யப்படாமைக்குக் காரணம், ஒப்பமிடத்தக்க மூத்தவர் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் இல்லாமையே.

வீட்டுக்காரரைக் குறை கூறி இக்கட்டுரையை முடித்துவிடல் எளிது. அது நீதியன்று. அவர்களுடைய அச்சங்களையும் நாம் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பணம் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது என்னும் அச்சம். இரண்டாவது, நள்ளிரவிற் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், டெங்கு எனத் தெரிந்தால், யார் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்வது, யாருக்கு அறிவிப்பது என்னும் அச்சம். மூன்றாவது, பிள்ளை தீய நட்பிற் சேர்ந்து போதைப்பொருளுக்கு இரையாகிவிட்டால், பொலிசார் தம் படலைக்கு வருவர் என்னும் அச்சம். நான்காவது, தம் வீட்டில் வயதுவந்த பெண்பிள்ளைகள் உளர், ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம்.

இவற்றோடு, நம்மவரிடையே அறை கொடுப்பதில் ஆழப் பதிந்த வேறொரு பழைய அச்சமும் உண்டு. போர்க்காலத்தில் வீட்டிலுள்ளோர் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவில் இல்லாத இளைஞன் ஒருவன் இருந்தாற் குடும்பம் முழுவதும் விசாரணைக்கு உள்ளாயிற்று. கொழும்பில் 2007 யூன் 7ஆந் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனைத் தடுத்தது. அந்நியன் ஒருவனை வீட்டில் வைத்தல் ஆபத்து என்னும் எண்ணம் இத்தகைய அனுபவங்களால் வேரூன்றியது. காலம் மாறியும் வேர் அறவில்லை.

இவை நியாயமான அச்சங்கள். நியாயமற்றதும் ஒன்று உண்டு. அதனையும் மறையாது கூறுதல் ஆசிரியர் கடன். ‘தம்பி எந்த ஊர்? ஆருடைய மகன்?’ என்னும் வினா அன்பினாற் கேட்கப்படுவதும் உண்டு. குலம் அறியக் கேட்கப்படுவதும் உண்டு. ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில், ‘அறை நேற்றுத்தான் போய்விட்டது’ என்னும் விடை வருவதை மாணாக்கர் எம்மிடம் கூறியுள்ளனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. கோயிற் கதவும் தேநீர்க்கடைக் கதவும் திறந்தன. அறைக் கதவோ இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. வாயாற் சமத்துவம் பேசிப் பிள்ளையைப் படலையில் நிறுத்தி வைத்தல் கற்றோர்க்கு அழகன்று.

இவ்வச்சங்களின் பயன் யாது? நல்ல வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்கின்றனர். ஒதுங்காது நிற்போர் இருவகையினர்: உண்மை இரக்கமுள்ளோர் சிலர், பிள்ளைக்கு வேறு கதியில்லை என்பதைக் கணக்கிட்டோர் பலர். ஒருவருக்குரிய அறையில் நால்வர் பாயில் உறங்குகின்றனர். தகரக் கொட்டிலுக்குக் கல்வீட்டு வாடகை. மின்கட்டணம் பிரிக்கப்படும் முறை வீட்டுக்காரருக்கே வெளிச்சம். கிணற்றில் அள்ளும் வாளிக்கும் எண்ணிக்கை உண்டு. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. விலகும்போது அப்பணம் திரும்புவதுமில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படலை பூட்டப்படும். மாலை வகுப்பு முடிந்து வரும் பேருந்து ஒன்பதே காலுக்கே வரும்.

நாம் அறிந்த மாணவன் ஒருவன் வன்னிப் பகுதியிலிருந்து வந்தவன், தகப்பன் இல்லை, தாய் கூலிவேலை செய்பவர். உயர்தரப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில், வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகின்றனர் என்று கூறி, மூன்று நாளில் அறையை விடும்படி வீட்டுக்காரர் பணித்தார். வீட்டுக்காரர் கொடியவரல்லர், அவருக்கும் அறை தேவைப்பட்டது. முன்னறிவித்தல் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை. பேசத்தக்க மூத்தவரும் இல்லை. பையன் புத்தகங்களைச் சாக்கிற் கட்டிக்கொண்டு இரண்டு வாரத்தில் மூன்று இடம் மாறினான். பரீட்சை எழுதினான், ஒரு பாடத்திற் சித்தியெய்தவில்லை. அவன் அறிவிலே குறையில்லை என்பதை அவனுக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் அனைவரும் அறிவர். பெறுபேற்றுப் பத்திரத்தில் இக்காரணம் அச்சிடப்படுவதில்லை.

இனி, ஒரு தடையை எதிர்கொள்வோம். ‘பதினெட்டு வயது நிரம்பாதவன் தனித்து வாழ்தலே தவறு. அதற்கு வசதி செய்து கொடுத்தால் அத்தவற்றை நாமே வளர்த்தவராவோம். பிள்ளை பெற்றாரிடம் அல்லது உறவினரிடம் இருத்தலே முறை’ என்பர் சிலர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. பிள்ளை தன் குடும்பத்தில் வளர்தலே சிறந்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயமும் குடும்பத்தையே முதலில் வைக்கின்றது. ஆயின் அதே சமவாயம், குடும்பச் சூழலை இழந்த பிள்ளைக்கு அரசின் சிறப்பான பாதுகாப்பும் உதவியும் உரியன என்றும் கூறுகின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்ட யாவரையும் அது பிள்ளை என்றே கொள்கின்றது.

அன்றியும், நாம் ஒப்பினாலும் ஒப்பாவிடினும் அவன் தனித்து வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றான். அவன் தனித்து வாழலாமா என்பதன்று இப்போது நம் முன்னுள்ள வினா. தனித்து வாழ்பவனை யாரேனும் கவனிக்கின்றனரா என்பதே. உறவினர் வீடு எப்போதும் பாதுகாப்பான வீடு என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. சோற்றுக்குப் பதிலாகக் கடையிலும் தோட்டத்திலும் வேலை வாங்கும் உறவினர் உளர். உறவு என்னும் பெயராற் கேள்வி கேட்பாரற்றுப் போகும் துன்பம், வாடகை அறையின் துன்பத்தினும் கொடிது.

தனித்து வாழ்தலாற் பிள்ளை கெட்டுப் போவான் என்பாருக்கும் ஒன்று கூறுவோம். கெடுதல் தனிமையினால் வருவதன்று, கவனிப்பாரின்மையால் வருவது. வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரோ பழைய மாணவரோ படலையில் நின்று, ‘தம்பி, சாப்பிட்டாயா? பாடம் எப்படி?’ என்று கேட்பாராயின், அவ்வறை விடுதிச்சாலைக்கு அண்மையதாகும்.

ஆதலின், யூபிலி ஆண்டில் நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் சில செயல்களை வைக்கின்றோம். இவை பெரும்பொருள் வேண்டியன அல்ல.

முதலாவது, அறைப் பதிவேடு. கல்லூரியைச் சூழ்ந்த பகுதிகளில் மாணவருக்கு அறை கொடுக்க இசைவோரின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல். சங்க உறுப்பினர் இருவர் நேரிற் சென்று, காற்று, விளக்கு, நீர், மலசலகூடம், கதவுப் பூட்டு என்பவற்றைப் பார்த்த பின்னரே பெயரைப் பதிதல் வேண்டும். முறைப்பாடு வந்து அது மெய்யென்று கண்டாற் பெயரை நீக்குதல் வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பாளர் முறை. பெற்றார் தொலைவில் உள்ள ஒவ்வொரு மாணவனுக்கும் பழைய மாணவர் ஒருவர் உள்ளூர்ப் பொறுப்பாளராக அமைதல். பெற்றாரோ பாதுகாவலரோ இருப்பின் அவரது எழுத்து மூலமான இசைவை முதலிற் பெறல் வேண்டும். ஒருவரும் இல்லாதவிடத்துப் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அறிவித்து, அவர்கள் வழிகாட்டலில் நடத்தல் வேண்டும். இது சட்டப் பாதுகாவலரின் இடத்தைப் பறித்தலன்று. நோய் வந்தால் ஓடிவரவும், பிணக்கு எழுந்தாற் பேசவும் ஒரு முகம் வேண்டும் என்பதே. பொறுப்பாளரைத் தெரிவதிலும் அதிபரின் மேற்பார்வை இன்றியமையாதது. பிள்ளைகளின் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஒருவர் நம் சங்க உறுப்பினர் என்பது மட்டும் போதிய சான்றாகாது.

மூன்றாவது, ஒற்றைத் தாள். முன்பு கூறியவாறு, வாடகை, முற்பணம், முன்னறிவித்தற் காலம் என்பன அடங்கிய மாதிரித் தாளொன்றைச் சங்கத்திலுள்ள சட்டத்தரணிகள் தமிழில் ஆக்கித் தருதல். அதில் ஒரு வாசகம் கட்டாயம் இடம்பெறல் வேண்டும்: பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில், வாடகை ஒழுங்காகச் செலுத்தும் மாணவனை எழுப்புதல் கூடாது. வீட்டுக்காரரிற் பெரும்பாலோர் இதற்கு மறுப்புக் கூறார் என்பது எமது நம்பிக்கை. கேட்பார் இல்லாமையாலேயே இதுவரை கொடுக்கப்படவில்லை.

நான்காவது, பிணைநிதி. வாடகை நின்றுவிடும் என்னும் அச்சமே முதல் அச்சம் என்றோம். மாணவன் ஒருவனால் ஓரிரு மாதம் கொடுக்க இயலாது போனால், சங்கம் அதனைக் கொடுத்து, பின்னர் அவனிடமோ பெற்றாரிடமோ தவணையாகப் பெறலாம். இதற்கு வேண்டிய தொகை யூபிலி அலங்கார வளைவொன்றின் செலவிலும் குறைந்ததாகவே இருக்கும்.

ஐந்தாவதாகக் கூறுவது, கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவரை நோக்கியது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் அன்பர்களே! உங்கள் பெற்றார் கட்டிய வீடுகள் பல இங்கே பூட்டிக் கிடக்கின்றன. முற்றத்தைக் கூட்டவும் விளக்கேற்றவும் ஒருவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகின்றீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து, கறையான் அரித்த கதவைக் கண்டு வருந்துகின்றீர்கள். அவ்வீட்டின் இரண்டு அறைகளை, சங்கத்தின் பொறுப்பில், நான்கு மாணவருக்கு விட்டாற் கதவைக் கறையான் அரியாது. கிணறும் பாசி பிடியாது. வீட்டைப் பிடித்துக்கொள்வர் என்னும் ஐயம் இருப்பின், தாளைச் சங்கத்தோடு எழுதுக. பிள்ளைகளோடு எழுத வேண்டா. ஒரு மண்டபத்துக்குக் கொடுக்கும் நன்கொடை கல்லில் உங்கள் பெயரைப் பொறிக்கும். ஓர் அறை, ஒருவன் வாழ்விற் பெயரைப் பொறிக்கும்.

விடுதிச்சாலையை மீண்டும் அமைத்தலே இறுதிக் குறிக்கோளாக இருத்தல் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அதற்கு அரசின் அனுமதியும் பெரும்பொருளும் நீண்ட காலமும் வேண்டும். விடுதி வரும் வரையும் இவ்வாண்டு உயர்தரத்தில் இருக்கும் பிள்ளை காத்திருக்க மாட்டான். அவன் பரீட்சை வந்துவிடும்.

மாணவச் செல்வங்களுக்கும் சில வார்த்தை. அறை தேடிச் செல்லும்போது தனியே செல்லாதீர்கள். ஆசிரியர் ஒருவரையோ மூத்தோர் ஒருவரையோ உடன் அழையுங்கள். வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பொய்யால் திறந்த கதவு உண்மை வெளிப்பட்ட அன்றே மூடப்படும். முற்பணம் கொடுத்தால் திகதியும் தொகையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சென்று, இன்னாரின் வீட்டில் இருக்கின்றேன் என அறிவியுங்கள். பிறர் பெயரில் ஒப்பமிடாதீர்கள். வாடகையைக் குறித்த நாளிற் செலுத்துங்கள். உமக்குப் பின் வரும் பிள்ளைக்கு அக்கதவு திறப்பதும் மூடுவதும் உம்முடைய நடத்தையைப் பொறுத்தது. வீட்டிலுள்ள எவரேனும் உம்மிடம் முறைகேடாக நடப்பாராயின், வாடகை கட்டியாயிற்றே, பரீட்சை வருகிறதே என்று பொறுத்திருத்தல் வேண்டா. உடனே அதிபரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை மனனம் செய்துகொள்ளுங்கள். திருக்குறளை மனனம் செய்யும் உமக்கு நான்கு இலக்கம் பாரமன்று.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாயிலிற் சங்கடப் படலை என ஒன்று இருந்தது. கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை அமைத்து, பானையில் நீர் வைத்து, வழிப்போக்கர் இளைப்பாற விட்டனர் நம் முன்னோர். பருத்தித்துறையில் தெருவை மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. வருபவன் யார், அவன் வயது என்ன என்று கேட்டு அவர்கள் அவற்றைக் கட்டவில்லை. வெயிலும் மழையும் யாவருக்கும் பொது என்பது அவர்கள் அறிந்த சட்டம். முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு நிழல் அமைத்தோரின் வழிவந்த நாம், நம் கல்லூரிச் சீருடை அணிந்து நிற்கும், பெயரும் வகுப்பும் நாம் அறிந்த பிள்ளையைத் தெருவில் நிறுத்துதல் முறையாகுமா?

யூபிலி விழாவுக்கென வகுக்கப்பட்ட செலவுத் திட்டம் விரைவிற் பொதுக்கூட்டத்தின் முன் வரும். அதில் வளைவுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியையேனும் அறைப் பதிவேட்டுக்கும் பிணைநிதிக்கும் மாற்றும்படி உறுப்பினர் ஒருவர் பிரேரிக்க, மற்றொருவர் ஆமோதிப்பாராக. அடுத்த உயர்தர வகுப்புத் தொடங்குமுன் பதிவேட்டில் இருபது அறைகள் எழுதப்படுமாயின், இவ்விழா பயனுற்றது என்போம்.